சோடிப்பட்டை

எங்கள் பக்கத்து ஆட்களிடம் வலியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "பரவால்ல."

விரல் மூட்டுகள் நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஊக்கு குத்திக்கொண்டு வந்திருப்பார்கள். எப்படி இருக்கு என்று கேட்டால், "பரவால்ல மேடம்." பத்துக்கு எத்தனை மார்க் என்றால், "ஒரு அஞ்சு போட்டுக்கோங்க" என்பார்கள், ஏதோ எனக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நினைப்பவர்களைப் போல.

என் பெயர் குழல்வாய்மொழி. தூத்துக்குடியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் பத்தொன்பது வருஷமாக பிசியோதெரபிஸ்ட். முடக்குவாதம் வந்தவர்களின் கைகளையும் கால்களையும் மறுபடி வேலைக்குப் பழக்குவது என் தொழில். இப்போதெல்லாம் மருந்துகள் நல்லவை. நோயைப் பெரும்பாலும் அடக்கி வைத்துவிடுகின்றன. ஆனால் அடங்குவதற்கு முன்னால் அது செய்த சேதத்தை மருந்து திருப்பித் தருவதில்லை. விறைத்த மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டித்தான் மீட்க வேண்டும். எவ்வளவு மடக்குவது என்பதில்தான் சிக்கல். குறைத்தால் பலனில்லை. கூடினால் மூட்டு மறுபடி வீங்கிவிடும். அந்த எல்லை எங்கே என்பது நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் பரவால்ல என்பார்.

அதனால்தான் சோடிப்பட்டை வந்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இரண்டு பட்டைகள். ஒன்றை நோயாளியின் முன்கையில் ஒட்டுவோம், மற்றொன்றை என் முன்கையில். அவருக்கு எந்த விரலில் வலிக்கிறதோ, எனக்கும் அதே விரலில் அதே வேகத்தில் வலிக்கும். எங்களுக்கு நாற்பது சதவீதம்தான், அதுவும் பத்து நிமிஷம். அது போதும். கை தானாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும். யாரையும் மார்க் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. நோயாளியின் வீட்டார் ஒருவரும் ஒருமுறை பட்டையைக் கட்டிப் பார்க்க வேண்டும், முழு அளவில். அதை முதல் ஆளாக வரவேற்றவள் நான்தான். 'எல்லாம் நடிப்பு' என்று சொன்ன மாமியார்களை எனக்குத் தெரியும். 'காலையில மட்டும் வருமாம், வேலை முடிஞ்சதும் போயிருமாம், அது என்ன நோய்?' என்று சிரித்த கணவர்களையும் தெரியும். பத்து நிமிஷம் கட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பிலோமினாவும் அவள் கணவர் இன்னாசியும் வந்தது அந்தச் சமயத்தில்.

பிலோமினாவுக்கு நாற்பத்து நாலு வயது. பதினாறு வருஷம் ஒரு பேக்கரியில் மக்ரூன் பிழிந்தவள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் அடித்த நுரையைத் தாள் கூம்பில் நிரப்பி, தட்டில் பிழிந்து, கடைசியில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி நுனியைக் கூர்மையாக்க வேண்டும். ஒரு காலையில் ஆயிரத்துக்குக் குறையாமல் செய்தவள், ஏழு வருஷத்துக்கு முன்னால் கூம்பைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டாள். இன்னாசி துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"டாக்டர் அசைக்கச் சொல்லுதாரு, இவ அசைக்க மாட்டேங்கா மேடம்" என்று முதல் நாளே புகார் சொன்னார். "நான் பக்கத்துல நின்னு எண்ணினாத்தான் செய்யுதா. ஒண்ணு, ரெண்டு, மூணு... கப்பலைக்கூட இழுத்துரலாம், இவள இழுக்க முடியல."

"உங்க கப்பலுக்கு மூட்டு இல்ல" என்றாள் பிலோமினா.

"வாய்க்கு மட்டும் ஒரு நோவும் வரல பாருங்க."

எதிரெதிரே உட்கார்ந்து இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கை கொஞ்சம் சரியானால் முதலில் என்ன செய்ய ஆசை?

"ஒரு தட்டு மக்ரூன் பிழியணும்" என்றாள். "ஒரே ஒரு தட்டு. நுனி கூரா வரணும்."

பிலோமினாவிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. தன் வலிகளுக்கு அவள் பெயர் வைத்திருந்தாள். காலையில் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசைக்க அசைக்க மெல்ல விடுவது 'சித்தி'. "சத்தம் போடுவா மேடம், ஆனா கெட்டவ இல்ல. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருந்தா போயிருவா." கட்டைவிரல் அடியில் சுருக்கென்று எரிந்துகொண்டு வருவது 'போலீஸ்காரன்'. "அவன் வந்தா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு நிக்கணும்." பட்டை வழியாக எனக்கு இரண்டுமே வலிதான். நாலு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் பிடிபட்டது.

அந்த நாலு மாதத்தில் அவள் கைப்பிடி பலம் நாலு கிலோவிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது. தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திறந்தாள். அப்போதுதான் வீட்டார் பயிற்சிக்கு இன்னாசியின் முறை வந்தது.

காலை எட்டு மணி. அவளுக்கு விறைப்பு இன்னும் விடாத நேரம். இன்னாசி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "ஊசி எதுவும் இல்லியே?" என்று சிரித்தார். பட்டையை ஒட்டி, அளவை நூறுக்குத் திருப்பினேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்து, எடுங்க சார் என்றேன். அவர் விரல்கள் டம்ளரைத் தொட்டன, மடங்கவில்லை. இரண்டாவது முறை முயன்றார். டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. எதிரே பிலோமினா அதே கையால் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமுமா?" என்றார்.

"காலையில கொஞ்சம் கூட. பதினோரு மணிக்கு மேல பரவால்ல" என்றாள் அவள்.

"ஏழு வருஷமா நான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பத்து நிமிஷம் முடிவதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பட்டையைக் கழற்றிய பிறகும் மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. பயிற்சி வெற்றி என்று அன்று நான் பதிவேட்டில் எழுதினேன்.

ஐந்து வாரம் பிலோமினா வரவில்லை. வந்தபோது அவள் கையைப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது கிலோ ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. நடுவிரல் முழுதாக நீளவில்லை.

"என்னம்மா ஆச்சு? மருந்து நிறுத்திட்டீங்களா?"

"மருந்தெல்லாம் சரியா ஊட்டி விடுதாரு மேடம்."

"ஊட்டியா?"

"சோறும்தான்." அவள் குரல் தாழ்ந்தது. "துறைமுகத்துல நீண்ட லீவு போட்டுட்டாரு. என்னைய ஒண்ணும் தொட விட மாட்டேங்காரு. தல சீவி விடுதாரு. துணி துவைக்காரு. கதவுக் கொண்டியக்கூட அவருதான் தொறக்கணும். எக்சர்சைஸ்னு கைய நீட்டினா, வேணாம் பிலோ, எனக்குத் தெரியும், வேணாம்னு அழுவுதாரு. அவரு அழுவுறதப் பாக்க முடியாம நானும் விட்டுட்டேன்."

நீளாத நடுவிரலைத் தடவிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "முன்னாடி எங்கிட்ட சண்டை போடுவாரு மேடம். இப்ப போடுறதில்ல. நோயாளிகிட்ட யாரும் சண்டை போட மாட்டாங்கல்லா?"

இன்னாசியை உள்ளே கூப்பிட்டேன். இரண்டு மாதத்துக்குள் விரல்களை மறுபடி பழக்காவிட்டால் அவை மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும், அதற்கப்புறம் அறுவை சிகிச்சை செய்தாலும் பாதிதான் மீளும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் சம்மதிக்கவில்லை.

"மேடம், நீங்க நாப்பது சதவீதம் பாத்தவங்க. நான் முழுசும் பாத்தேன். நீங்க பத்து நிமிஷத்துல கழட்டி வச்சிட்டு டீ குடிக்கப் போயிருவீங்க. அவ எங்க போவா? அந்தக் கைய மடக்குன்னு எப்படி மேடம் வாய் கூசாமச் சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை.

"சார், உங்களுக்கு வந்தது அவங்க வலி மட்டும்தான்" என்றேன். "அவங்க அத வச்சிக்கிட்டு ஏழு வருஷம் வாழ்ந்த பழக்கம் உங்களுக்கு வரல. புதுசா ஒரு வலி வந்தா உடம்பு பதறும், ஓடுன்னு சொல்லும். நீங்க பதறினீங்க. அவங்க அதே வலியோட தண்ணி குடிச்சாங்க. பட்டை வலியத்தான் கொண்டு வரும். அவங்களக் கொண்டு வராது."

"எனக்கு இந்தப் பேச்செல்லாம் புரியாது. நான் பட்டத மறக்க முடியல. அவ்வளவுதான்."

மூலையில் உட்கார்ந்திருந்த பிலோமினா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப இன்னொரு தடவ கட்டிக்கிடுங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"இங்க மேசையில இல்ல. பேக்கரியில. நான் ஒரு தட்டு பிழியுதேன். ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் நீங்க எங்கூட இருங்க. பத்து நிமிஷம் இல்ல, முழுக் காலையும். அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா நான் கையத் தூக்கல."

எங்கள் தலைமை மருத்துவர் தில்லைநாயகம் விதிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "மூணு மணி நேரமா? இதுல யாருக்கு தெரபி, குழல்?"

"இப்போதைக்கு அவருக்குத்தான் சார்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். கடைசியில் பாதி அளவில்தான் வைக்க வேண்டும், நான் கூடவே இருக்க வேண்டும், முழு அறிக்கையும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். நல்லபடியாக முடிந்தால் எல்லா மையங்களுக்கும் இதையே சிபாரிசு செய்யலாம் என்றும் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குப் பேக்கரிக்குப் போனோம். பழைய முதலாளியம்மா ஒரு மேசையை ஒதுக்கி வைத்திருந்தார். பிலோமினாவின் முன்கையில் பட்டையை ஒட்டினேன். அதன்மேல் அவள் அங்கே எல்லோரும் போடுகிற முழுக்கை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். இன்னாசிக்கும் ஒட்டினேன். உடனே அவர் தோள்கள் சுருங்கின. ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார், உடைந்த சாமானை வைப்பதுபோல.

முதலில் வெந்நீர்ப் பாத்திரம். அவள் இரண்டு கைகளையும் அதில் முக்கி விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தாள். இன்னாசி பல்லைக் கடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நிறுத்து பிலோ. போதும்."

"இது சித்தி. பயப்படாதிய. இருங்க, இப்ப போயிருவா."

"என்ன சித்தி?"

அவள் விளக்கம் சொல்லிக்கொண்டே விரல்களை அசைத்தாள். சத்தம் போடுகிற சித்தி, சுருக்கென்று வருகிற போலீஸ்காரன். பதினைந்து நிமிஷம் போயிருக்கும். இன்னாசி தன் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"விடுது" என்றார். நம்ப முடியாத குரல். "ஏ பிலோ, விடுது!"

"நான்தான் சொன்னேன்லா."

அவள் திரும்பி நின்று துண்டில் கையைத் துடைத்தாள். முதலாளியம்மா தாளைச் சுருட்டிக் கூம்பு செய்து, நுரையை நிரப்பிக் கொடுத்தார். முதல் மக்ரூன் சப்பையாக உட்கார்ந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவதுக்கு நுனி வந்தது. இன்னாசி ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். அவர் தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். அவள் மூச்சைப் பிடிக்கும்போது அவரும் பிடித்தார். கூம்பை அவள் இறுக்கும்போது அவர் விரல்கள் தொடைமேல் தாமாக மடங்கின.

"இப்ப வலிக்குது" என்றார் ஒருமுறை. பிறகு அவரே, "இல்ல, இது சித்திதான். நீ செய்யி" என்றார்.

எட்டரை மணிக்குத் தட்டில் முப்பத்தொன்று இருந்தது. தட்டு நிறைய இன்னும் ஐந்து வேண்டும். அவள் அடுத்ததற்குக் கூம்பைத் தூக்கினாள்.

"வை" என்றார் இன்னாசி சட்டென்று. "வை பிலோ. போலீஸ்காரன் வாறான்."

அவள் அப்படியே நின்றாள். கூம்பை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கட்டைவிரலின் அடியைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா" என்றாள். அவரை ஒரு மாதிரி, புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அன்று திரும்பும் வழியிலேயே இன்னாசி என்னிடம் கேட்டார், பயிற்சிக்கு எந்தெந்தக் கிழமை வர வேண்டும் என்று.

பட்டைக்குள் பதிவாவதை மையத்தில் இருக்கும் கருவியில் வைத்தால்தான் படிக்க முடியும். ஒன்பது மணிக்கு அவர்களே உரித்து என்னிடம் கொடுத்த இரண்டையும் மறுநாள் அறிக்கைக்காக வைத்தேன். ஆறு இருபதில் அலை தொடங்குகிறது. வெந்நீரில் உயர்கிறது, மெல்ல இறங்குகிறது. ஆறு ஐம்பத்திரண்டில் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஒன்பது மணி வரைக்கும் ஒரு நேர்கோடு. பிலோமினாவின் பட்டை தோலில் இல்லை என்று கருவி சொன்னது.

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அதே நேர்கோடு.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். இன்னாசி மாத்திரை வாங்கும் வரிசையில் நின்ற நேரத்தில் பிலோமினாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு வெந்நீர்ல உங்க பட்டை கழண்டு விழுந்திருச்சாம்மா?"

"விழல மேடம். நான்தான் உரிச்சேன்."

"ஏன்?"

"வெந்நில கை வச்சப்ப அவரு மூஞ்சியப் பாத்தீங்கல்லா?" அவள் சேலை முந்தியை விரலில் சுற்றினாள். "எனக்குப் பழகிப்போச்சு. அவருக்கு எதுக்கு? சித்தி போறதத் தெரிஞ்சிக்கிட்டாரு, அது போதும்னு தோணுச்சு. கைய தொடைக்கிற சாக்குல கோட்டுக்குள்ள விட்டு உரிச்சு, பையில போட்டுக்கிட்டேன். தப்புதான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"அப்ப அவரு போலீஸ்காரன் வாறான்னு சொன்னது?"

"அதத்தான் மூணு நாளா யோசிச்சிக்கிட்டிருக்கேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு எரியறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு மேடம். ஒரு நொடி முன்னாடி."

இன்னாசி மாத்திரைப் பையோடு உள்ளே வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன?" என்றார்.

நான் தயங்கினேன். பிலோமினா தயங்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். நான் திரையைத் திருப்பி அந்த நேர்கோட்டைக் காட்டினேன். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கோட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டு போனார்.

"அப்ப எனக்கு வலிச்சது?"

"மிஷின்லருந்து வரல சார்."

"நெசமா வலிச்சுதே மேடம். பொய் சொல்லல."

"தெரியும் சார்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஏமாற்றிவிட்டாயே என்று கேட்பார் என்று அவளும் நினைத்திருப்பாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ மாத்திரைப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அறிக்கையை எழுதத் தொடங்கினேன். மூன்று மணி நேரப் பட்டையை எல்லா மையங்களுக்கும் அனுப்பலாமா என்று மேலே காத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுத வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். 'இரண்டு மணி எட்டு நிமிஷம் பட்டை எதையும் அனுப்பவில்லை' என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை.

பின்னால் இன்னாசியின் குரல் கேட்டது. அந்தப் பெரிய குரல் இவ்வளவு சின்னதாகும் என்று நான் நினைத்ததில்லை.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ."